மலையை எங்கே சேமிப்பது?
நிலச்சரிவு வரைபடங்களுக்குப் பின்னால் ஒரு தரவுத்தளக் கேள்வி

தேசியத் தொலையுணர்வு மையம் 2023இல் வெளியிட்ட நிலச்சரிவு அட்லஸில் இடம்பெற்ற 147 மாவட்டங்களில், அபாயத்தில் முதலிடம் உத்தரகண்டின் ருத்ரபிரயாகுக்கு. கேதார்நாத் கோயில் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மழை கொட்டும் இரவில் மாவட்ட அதிகாரிக்கு வேண்டிய பதில் ஒன்றுதான்: செங்குத்துச் சரிவுகளின் கீழே, ஓடைக்கு 200 மீட்டருக்குள் எத்தனை வீடுகள்? பதில் நொடியில் வருமா, மறுநாள் வருமா என்பது தரவுத்தளத்தின் கையில்.

சிக்கல் தரவிலேயே தொடங்குகிறது. வீடு ஒரு புள்ளி, சாலை ஒரு கோடு, கிராமம் ஒரு பரப்பு. மலையின் உயரமோ வரைபடத்தாள் கட்டங்களைப் போல. கட்டத்துக்கு ஓர் எண். 2005இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 தந்த படங்களிலிருந்து உருவான உயரத் தரவு, 30 மீட்டர் கட்டங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. 1,984 சதுர கி.மீ. பரப்புள்ள ருத்ரபிரயாகுக்கு இது சுமார் 22 லட்சம் கட்டங்கள். கட்டத்தை 1 மீட்டராகச் சுருக்கினால் 198 கோடி! தேசியப் புவியிடக் கொள்கை (2022), 2030க்குள் மலைப்பகுதிகளுக்கு 1 முதல் 3 மீட்டர் அளவிலான உயரத் தரவைத்தான் இலக்காக வைத்திருக்கிறது.

சாதாரணத் தரவுத்தளத்துக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெறும் எண்கள். ருத்ரபிரயாகில் ஒரு பாகை வடக்கு-தெற்காக 111 கி.மீ., கிழக்கு-மேற்காக சுமார் 96 கி.மீ. என்பது அதற்குத் தெரியாது. 2001இல் வெளிவந்த போஸ்ட்ஜிஐஎஸ், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு இந்த அறிவை ஊட்டுகிறது. ஒவ்வொரு வீட்டையும் ஓடையையும் ஒரு செவ்வகத்துக்குள் அடைத்து வரிசைப்படுத்துவதால், தேடும்போது அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். உரிமக் கட்டணமும் கிடையாது. இணைய இணைப்பு துண்டிக்கப்படும் மலைக்கிராமத்தில் ஸ்பேஷியாலைட் கைகொடுக்கும். மடிக்கணினியில் ஒரே கோப்பாக அடங்கிவிடும்.

உயரக் கட்டங்களையும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் போடலாம். ஆனால் கோடிக்கணக்கில் பெருகும்போது, ஏற்றுவதும் நகலெடுப்பதும் பெரும் பாரம். ஜியோடிஃப் கோப்புகளாகத் துண்டுபோட்டு வெளியே வைத்து, எந்தக் கோப்பு எந்தப் பகுதிக்கு என்ற அட்டவணையை மட்டும் தரவுத்தளத்தில் வைப்பது சுலபம். சரிவின் அளவை முன்கூட்டியே கணக்கிட்டு, ஒவ்வொரு வீட்டின் பதிவிலும் சேர்த்துவிட்டால் மழை இரவில் வேலை மிச்சம்.

ஆனாலும் ஒரு பொறி உண்டு. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் கோளவடிவை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் தரவு டபிள்யூஜிஎஸ் 84 முறையைப் பின்பற்றுகிறது. மாற்றாமல் கலந்தால், ஓடையின் இக்கரையில் உள்ள வீடு அக்கரைக்குத் தாவிவிடும். எந்த முறை என்று தவறாகக் குறித்துவிட்டால், எவ்வளவு உயர்ந்த தரவுத்தளமும் அதை அப்படியே நம்பும். காலி செய்ய வேண்டிய வீடு பட்டியலில் இல்லாமல் போகும்.