சொந்தப் பார்சர் எழுதுறீங்களா? கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் கவனியுங்க

எஸ்.பி.எம். கணினி அறிவியல் மாணவர்களே, ஆசிரியர்களே, ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம்.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பழைய கணினியில் மாணவர் பெயர்ப்பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு வாக்கில் திஸ்கி குறியாக்கத்தில் தட்டச்சு செய்தது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் அன்று பலரும் பயன்படுத்திய குறியாக்கம்தான் அது. வரிக்கு ஒரு பெயர், மொத்தம் 40 பேர்.

பைத்தானில் யுடிஎஃப்-8 என்று திறந்தால் பிழை வரும். 'லத்தீன்-1 என்று திறப்போம், அப்புறம் தமிழாக மாற்றிக்கலாம்' என்று நினைப்பீங்க. பிழை போய்விடும். ஆனால் ஸ்பிளிட்லைன்ஸ் கட்டளையால் வரிகளைப் பிரித்தால் 41 பேர் வருவார்கள்! 'சீனிவாஸன்' உடைந்து, ஒரு வரியில் 'சீனிவா', அடுத்த வரியில் 'ன்'. நடுவிலிருந்த 'ஸ' காணாமல் போயிருக்கும்.

ஏன்? திஸ்கியில் 'ஸ' எழுத்தின் எண் 133. லத்தீன்-1இல் அதே 133 'அடுத்த வரி' என்னும் கட்டுப்பாட்டு எழுத்து. ஸ்பிளிட்லைன்ஸ் அதையும் வரி முடிவாகவே எடுத்துக்கொள்ளும்.

கட்டுப்பாட்டு எழுத்து என்பது திரையில் உருவம் காட்டாமல் கருவிக்குக் கட்டளை தருவது. யுனிகோட்டில் 0 முதல் 31 வரை, 127, பிறகு 128 முதல் 159 வரை உள்ள எண்கள் இவற்றுக்கு உரியவை. 9 என்றால் தத்தல் (டேப்), 10 என்றால் புதுவரி, 13 என்றால் வரித்தொடக்கத்துக்குத் திரும்புதல்.

உங்கள் பார்சருக்கு இந்த ஐந்து விதிகளை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்க:

1. முதலில் சரியான குறியாக்கத்தில் படிக்கணும். கட்டுப்பாட்டு எழுத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

2. வரி முடிவு எது என்று நீங்களே சொல்லணும். 10, அல்லது 13உம் 10உம் சேர்ந்து வருவது. வேறு எதுவும் இல்லை.

3. மற்றக் கட்டுப்பாட்டு எழுத்து வந்தால் சத்தமில்லாமல் அழிக்காதீங்க. நிரலை நிறுத்தி, எத்தனையாவது வரி, என்ன எண் என்று காட்டுங்க. எக்ஸ்எம்எல் 1.0உம் 0 முதல் 31 வரை உள்ளவற்றில் 9, 10, 13 மூன்றை மட்டுமே ஏற்கிறது.

4. மதிப்புக்குள்ளேயே புதுவரி தேவைப்பட்டால் மாற்றுக்குறி வையுங்க. ஜேசான் சரங்களுக்குள் 0 முதல் 31 வரை உள்ளவற்றை அப்படியே எழுதக்கூடாது. பின்சாய்கோடு போட்டுத்தான் எழுதணும்.

5. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கட்டுப்பாட்டு எழுத்து அல்ல. 'க்'கும் 'ஷ'வும் ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிய நடுவில் போடும் 8204ஆம் எழுத்து எழுத்துவடிவத்துக்கு உரியது. சேமிக்கும்போது அதை வையுங்க. பெயரைத் தேடி ஒப்பிடும்போது மட்டும் விட்டுவிடுங்க.

மூன்றாவது விதியைப் பலர் அலட்சியப்படுத்துவார்கள். திஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ நான்குமே 131 முதல் 134 வரை, அந்தக் கட்டுப்பாட்டு எல்லைக்குள்தான் இருக்கின்றன. 'குப்பையைத் துடைக்கிறேன்' என்று அந்த எல்லையை மொத்தமாக அழித்தால், 'ராஜன்' என்ற மாணவர் சான்றிதழில் 'ரான்' ஆகிவிடுவார். நிரல் எந்தப் பிழையும் காட்டாது.

வகுப்புப் பயிற்சி: ஐந்து பெயர் கொண்ட ஒரு கோப்பில் வேண்டுமென்றே 7ஆம் எழுத்தை நுழைத்துக் கொடுங்க. எந்த மாணவரின் நிரல் வரி எண்ணோடு நிற்கிறதோ, அந்தப் பார்சரை நம்பலாம்.