பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்!

மாணவர்களே, ஜார்ஜ்டவுன் கடையில் வாங்கிய பிஸ்கட்டை முஸ்லிம் நண்பருடன் பகிர்ந்து உண்ணப் போகிறீர்களா? முதலில் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘இ471’ என்று இருக்கலாம். எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள் அது. செம்பனை எண்ணெயிலிருந்தும் செய்யலாம். விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். மூலம் எது என்பதை அந்த எண் சொல்லாது.

ஆய்வுக்கூடத்தில் பிசிஆர் முறையில் டிஎன்ஏவைத் தேடுவார்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு துண்டு இரண்டாகும். கணக்குப்படி 30 சுழற்சிகளில் ஒரு பில்லியனைத் தாண்டும். அதனால் மிகச் சிறிய தடயமும் சிக்கிவிடும். ஆனால், அது மூலப்பொருளிலேயே இருந்ததா, வழியில் எங்கோ ஒட்டிக்கொண்டதா என்பதைச் சோதனை மட்டும் சொல்லிவிடாது.

2014 மே மாதம் இரண்டு கேட்பரி சாக்லேட் வகைகளில் பன்றி டிஎன்ஏ தடயம் இருந்ததாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. பிறகு ஜாக்கிம் தொழிற்சாலையிலிருந்தே எடுத்துச் சோதித்த 11 மாதிரிகளில் அது இல்லை. மாதிரியை எங்கே எடுத்தோம் என்பதும் முக்கியம்!

ஆகவே ஜாக்கிமின் ஹலால் முத்திரையோ, அது அங்கீகரித்த வெளிநாட்டு முத்திரையோ உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் நண்பரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உண்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.