ஏருக்கு வரி, மண்வெட்டிக்கு வரி

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையில், சாமையும் தினையும் விதைத்து ஜீவனம் செய்துவந்த மலையாளிப் பழங்குடியினர், சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் தலைமுறை தலைமுறையாக உழுத பூமிக்கு, அளவையும் இல்லை, பட்டாவும் இல்லை. நிலத்தின் பரப்பை நோக்காமல், ஏர் ஒன்றுக்கு இவ்வளவு, ஏர் ஏறாத சரிவைக் கொத்தும் மண்வெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்றே வரி வசூலாயிற்று. வரி கட்டியவன் விரும்பிய இடத்தில் பயிரிடலாம் என்பது கேட்க இனிமைதான். ஆனால், இது என்னுடையது என்று காட்ட அவனிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது.



1976-ஆம் ஆண்டில் ஜாகீர் ஆட்சி முடிந்து மலை அரசின் வசமானபோதும், காட்டையொட்டிய காணிகளின் உரிமை பெரும்பாலும் தெளிவுபெறவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே, 2005 டிசம்பர் 13-க்கு முன்னரே வன நிலத்தில் பயிரிட்டுவந்த பழங்குடிக் குடும்பத்துக்கு, 4 ஹெக்டேர் வரம்புக்குட்பட்டு, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமைப் பத்திரம் வழங்க வகைசெய்தது. மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. அப்பூமி வாரிசுகளைச் சேரும். விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது.