மேஜர் ஆனால் ஜீவனாம்சம் நிற்குமா?

“பையன் மேஜர் ஆயிட்டானாம்மா?”

குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் வக்கீல் இப்படிக் கேட்டால், ‘ஆமாம் சார்’ என்று சொல்லப் பல தாய்மார்கள் தயங்குவார்கள். எம்.சி. கேஸில், அதாவது ஜீவனாம்ச வழக்கில், பிள்ளைக்கென்று உத்தரவான ஜீவனாம்சம் பொதுவாக அந்தத் தேதியோடு நின்றுவிடும். எதிர்த்தரப்பு பெரிதாக வாதாடவும் வேண்டாம். பள்ளி டி.சி.யின் நகல் ஒன்றை நீட்டி, பிறந்த தேதியைச் சுட்டிக்காட்டினால் போதும்.

அந்தத் தேதி வரும் நேரத்தைப் பாருங்கள். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட். அடுத்து கவுன்சலிங், கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம். ஜூனில் பிறந்த பிள்ளை என்றால், பணம் அதிகம் தேவைப்படும் மாதத்தில்தான் அப்பாவின் பணம் நிற்கிறது. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம். செமஸ்டர் ஃபீஸ் கட்டச் சம்பாதிக்க முடியுமா?

இந்தப் பதினெட்டு வயது வரம்பு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவு, ‘தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இயலாத பிள்ளை’ என்று மட்டுமே சொன்னது. வயது வந்தும் படித்துக்கொண்டிருந்த மகன்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தும் என்று 1969-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. அந்த வழியை 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. அதன் 125-ஆவது பிரிவில் மைனர் பிள்ளை என்று வரம்பு கட்டினார்கள். மேஜரான பிள்ளை கேட்க வேண்டுமானால், உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ காயத்தாலோ பிழைக்க முடியாதவராக இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 144-ஆவது பிரிவு. மேஜர் பிள்ளைக்கான அந்த நிபந்தனை அதிலும் அப்படியே இருக்கிறது. படிப்புக்கு அங்கே இடமில்லை. கல்லூரிக்குப் போவது அரிதாக இருந்த காலத்துக் கணக்கு இது என்பது என் எண்ணம்.

மகள்களுக்கு இன்னொரு கதவு உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுப்படி, சொந்த வருமானமோ சொத்தோ போதாத மகள் திருமணம் ஆகும்வரை பெற்றோரிடம் கேட்கலாம். கல்யாணச் செலவுகூட அந்தச் சட்டத்தின்படி ஜீவனாம்சத்தில் அடங்கும். ஆனால் அந்தக் கதவைத் தட்டுவது எப்படி என்பதற்கு ஹரியானா மாநிலம் ரேவாரியில் தொடங்கிய ஒரு வழக்கு உதாரணம். 2002-இல் ஒரு தாய் தனக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டார். தீர்ப்பு வந்தது 2011-இல். தாய்க்கும் மகன்களுக்கும் எதுவும் இல்லை, மகளுக்கு மட்டும் மேஜர் ஆகும்வரை உண்டு என்றது. அந்தப் பெண் மேஜர் ஆனதோ 2005-இல்! வாய்தா வாங்கியே வயது கடந்துவிட்டது.

அவர் விடவில்லை. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னது இது: மணமாகாத மகளுக்கு உரிமை உண்டு, ஆனால் அது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி. 125-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் அதைக் கொடுக்க முடியாது, தனியாக மனுப் போட்டுக்கொள்ளலாம். பதினெட்டு ஆண்டு அலைந்தவரிடம் புதிதாக ஒரு மனு! குடும்ப நல நீதிமன்றம் இரண்டு சட்டங்களின்படியும் விசாரிக்கலாம் என்பதால், அது இருக்கும் ஊர்களில் இந்த அலைச்சல் குறையும்.

முஸ்லிம் குடும்பங்களில் தந்தையின் பொறுப்பு விவாகரத்தோடு முடிவதில்லை என்பதை 1997-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிள்ளைக்கு இரண்டு வயது வரை என்று வரும் வரம்பைக் காட்டித் தந்தை தப்பிக்க முடியாது.

மகன்களுக்குத்தான் சட்டம் கையை விரிக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு வழி கண்டுபிடித்தது. மேஜரான மகனின் படிப்புச் செலவு முழுவதும் தாயின் தலையில் விழுகிறது என்று சொல்லி, மகன் பட்டம் பெறும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. பாராட்டலாம். ஆனால் நல்ல நீதிபதி கிடைத்தால்தான் ஃபீஸ் கட்ட முடியும் என்பது என்ன ஏற்பாடு?

பதினெட்டுக்கு முன்பு வராமல் விட்ட பாக்கி வேறு கணக்கு. பிள்ளை மேஜர் ஆனதால் அது தள்ளுபடி ஆகாது. பாக்கிக்கு வாரண்ட் கேட்க ஓராண்டுதான் கெடு. அந்தக் கெடு தாண்டினாலும் கடன் அழிவதில்லை, சிவில் முறையில் வசூலிக்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்களுக்கு இத்தனை சிக்கல் வேண்டியதில்லை. பழைய மனுவைப் பார்த்து டைப் அடிக்கும்போது ‘18 வயது முடியும் வரை’ என்ற வரியும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். கையெழுத்துப் போடும் முன் அதை அடித்துவிட்டு, முதல் பட்டம் முடியும்வரை என்று எழுதச் சொல்லலாம். கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, ஹாஸ்டல் அதில் சேருமா, மேஜரான பிறகு பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போகுமா என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்வது நல்லது.