எழுத்தும் குறியும்: ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் போட்ட கணக்கு

அண்மையில் நம் ஊர் அருங்காட்சியகத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்க்கையைப் பற்றி ஓர் உரை நடந்தது. நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவும் வந்திருந்தன. உரை முடிந்ததும் ஒரு தாயார் எழுந்து, "என் மகள் ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஐயா, இந்தப் படிப்பு சோறு போடுமா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். நேரம் ஆகிவிட்டதால் உரையாளரும் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி சிரிப்பதற்குரியது அல்ல என்பது என் எண்ணம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? பணிக்கரே தம் வாழ்நாளில் பாதியை அந்தக் கேள்விக்கு விடை தேடுவதில்தான் செலவிட்டார். நான் பாத்திரக் கடை வைத்திருப்பவன். ஓவியம் வரையத் தெரியாது. ஆனால் கணக்கு தெரியும். அவர் போட்ட கணக்கை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தந்தி இலாகாவிலிருந்து கலைப்பள்ளிக்கு

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே 31 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பம் மலையாளக் குடும்பம். பூர்வீகம் மலபார்ப் பகுதி. தென்னந்தோப்பும் உப்பங்கழியுமாக இருந்த அந்த ஊர்ப்புறத்தைச் சிறு வயதிலேயே வண்ணத்தில் தீட்டத் தொடங்கிவிட்டார். பதினேழு வயதில் அவருடைய படங்கள் சென்னையில் கண்காட்சிக்கு வந்தன.

அடுத்து வந்தது நமக்கெல்லாம் பழக்கமான கதைதான். தகப்பனார் காலமாகவே குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தது. படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னை அரசுக் கலைப்பள்ளியில் அவர் மாணவராக நுழைந்தது 1936-ல். அப்போது வயது இருபத்தைந்து. கூடப் படித்தவர்கள் தம்பிகளாக இருந்திருப்பார்கள்.

அந்தப் பள்ளி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பணிக்கர் சேர்ந்தபோது தலைமை வகித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்களே, அதைச் செய்தவர் இவர்தான். பணிக்கர் படிப்பை முடித்து அங்கேயே ஆசிரியரானார். 1957-ல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வராகி, 1967 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இதற்கிடையே 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கம் என்ற அமைப்பைச் சென்னையில் நிறுவினார். 1954-ல் லண்டனிலும் பாரிசிலும் அவருடைய கண்காட்சிகள் நடந்தன.

அரசாங்க உத்தியோகம், மாதச் சம்பளம், வெளிநாட்டில் பெயர். தம் அளவில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. குறை அவருடைய மாணவர்களுக்குத்தான் இருந்தது.

படித்து முடித்தவன் எங்கே போவான்?

அன்றைய சென்னையில் ஓவியம் வாங்கும் வழக்கம் மிகக் குறைவு. சங்கீதத்துக்குச் சபா உண்டு, நாட்டியத்துக்கு மேடை உண்டு. சுவரில் மாட்ட ரவிவர்மா படம் போட்ட காலண்டரே போதும் என்று நம் வீடுகள் இருந்தன. அதனால் ஆறு வருஷம் படித்து வெளியே வந்த பையன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆனான். விளம்பரக் கம்பெனிக்குப் போனான். அதிர்ஷ்டம் இருந்தால் நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு வடிவமைப்புச் செய்யும் வேலை கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூரிகையை மறந்தான்.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, ஓவியத்தை அடியோடு விட்டுவிடுவது. இன்னொன்று அதைவிட மோசம்: வாங்குகிறவருக்கு எது பிடிக்குமோ அதையே வரைந்து கொடுப்பது. எங்கள் வியாபாரத்தில் பெரியவர்கள் சொல்வார்கள், "கடை முதலை எடுத்து வீட்டுச் செலவு செய்யாதே" என்று. லாபத்தைச் சாப்பிடலாம், முதலைச் சாப்பிட்டால் கடை மிஞ்சாது. ஓவியனுக்கு முதல் என்பது தன் மனத்துக்குப் பட்டதை வரையும் சுதந்திரம். அதை விற்றுச் சாப்பிட்டால் பிறகு அவனிடம் என்ன இருக்கும்?

மெழுகும் சாயமும்

பணிக்கர் கண்ட வழி எளிமையானது. ஓவியத்தை நம்பிப் பிழைக்க வேண்டாம், கைத்தொழிலை நம்பிப் பிழைப்போம். ஓவியத்தை அதன் போக்கில் விடுவோம். இதற்காக 1960-களின் முற்பகுதியில் அவரும் மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து கைவினைக் கலைஞர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் கையில் எடுத்த முக்கியமான சரக்கு பாத்திக் துணி.

பாத்திக் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். உருக்கிய மெழுகால் துணியின் மேல் சித்திரம் போடுவார்கள். பிறகு துணியைச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இப்படி நிறத்துக்கு நிறம் மெழுகிட்டு முக்கி, கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்துவிட்டால் சித்திரம் தெளியும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் நூலிழை போல ஓடியிருக்கும். அதுவே அதன் அழகு. வரையத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தை அல்ல. சேலையாக, திரைச்சீலையாக, சுவரில் தொங்கவிடும் துணியாகப் போனது. ஓவியம் வாங்கத் தயங்கியவர்கள்கூட இதை வாங்கினார்கள்.

அந்த லாபத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டு போகாமல் நிலத்தில் போட்டார்கள். சென்னைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி, ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966-ல் ஒரு கிராமத்தையே உருவாக்கினார்கள். சோழமண்டலம் கலைஞர் கிராமம் என்று பெயர் வைத்தார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலம் விற்கும் விலை நமக்குத் தெரியும். அன்று அது மணல்வெளி. சுல்தான் அலி, ஹரிதாசன், எஸ்.ஜி. வாசுதேவ், சேனாதிபதி போன்றவர்கள் அந்த மணலில்தான் குடியேறினார்கள். பகலில் ஒரு பங்கு நேரம் கைத்தொழிலுக்கு, மீதி நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். விற்பனையில் ஒரு பகுதி பொது நிதிக்குப் போனது. கிராமமும் காட்சிக்கூடமும் அதில் நடந்தன. ஓய்வுபெற்ற பிறகு பணிக்கரும் அங்கேயே இருந்தார். 1977 ஜனவரியில் காலமானார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். அங்கே கே. ராமானுஜம் என்றொரு இளைஞர் இருந்தார். பேச்சு சரளமாக வராது. கோட்டைகளும் கோபுரங்களும் விசித்திரப் பிராணிகளும் நிறைந்த கனவு உலகை மசியில் நுணுக்கமாக வரைவார். பணிக்கர் அவரைப் பரிவோடு ஊக்குவித்தவர். ஆனாலும் 1973-ல், முப்பதைச் சற்றே தாண்டிய வயதில், ராமானுஜம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கூரையும் சோறும் அவசியம். அவை மட்டும் இருந்தால் எல்லா மனமும் ஆறிவிடாது. இந்தச் செலவையும் பேரேட்டில் எழுதித்தான் ஆக வேண்டும்.

படிக்க முடியாத எழுத்து

இப்படிக் காத்து வைத்த சுதந்திரத்தில் பணிக்கர் என்ன வரைந்தார்? 1963-ல் தொடங்கி, இறுதிவரை அவர் தொடர்ந்த வரிசைக்கு "எழுத்தும் குறியும்" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். மாணவர் ஒருவரின் கணக்குப் பாடப் பக்கம் இதற்குத் தூண்டுதலாக அமைந்தது என்பார்கள். முதலில் எண்களும் ரோமன் எழுத்துகளும் கணிதக் குறிகளும் வந்தன. பிறகு அவற்றின் இடத்தில் மலையாள எழுத்தின் சாயல் கொண்ட வரிகள் வந்தன. ஜாதகக் கட்டங்கள், அட்டவணைகள், சின்னஞ்சிறு பறவை, மீன், பாம்பு வடிவங்கள் கூடவே வந்தன.

மலையாளம் தெரிந்தவர்கள் ஆவலாகப் படிக்கப் போனால் ஏமாந்து போவார்கள். அது வாசிக்க முடியாத எழுத்து. வேண்டுமென்றே பொருளை எடுத்துவிட்டு வடிவத்தை மட்டும் வைத்திருக்கிறார். "என்னடா இது, கிறுக்கல்" என்று கேட்கத் தோன்றுவது இங்கேதான்.

இதை நான் புரிந்துகொண்டது என் தகப்பனாரின் பழைய சிட்டையை வைத்து. அதில் தமிழ் எண்களில் தொகையும், மா, காணி, முந்திரி என்ற பின்னங்களுக்கான குறிகளும் இருக்கும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. அவருக்கு அது அன்றாடக் கணக்கு. எனக்குப் பாதி புரியும். என் பேரனுக்கோ அது முழுக்க முழுக்கச் சித்திரம். பார்த்துப் பார்த்து வரைகிறான், ஒன்றும் தெரியாமலே. ஐரோப்பிய ஓவியன் எதை வரைந்தான் என்று பார்த்து வரையாமல், நம் வீட்டுப் பெட்டியில் இருந்த ஓலை, ஜாதகம், கணக்கு ஆகியவற்றின் முகத்தைப் பணிக்கர் வரைந்தார். அவர் காலத்தில் இந்திய ஓவியர்கள் பலரையும் வருத்திய கேள்வி, "நவீனமாகவும் வேண்டும், நம்முடையதாகவும் வேண்டும், எப்படி?" என்பது. அதற்கு அவர் தந்த விடை இது. வாங்குகிறவருக்காக வரைந்திருந்தால் தென்னந்தோப்புப் படங்களையே கடைசிவரை வரைந்திருப்பார். அவற்றுக்குத்தான் கிராக்கி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஓவியம் சோறு போடுமா என்றால், பெரும்பாலும் உடனே போடாது. பணிக்கருக்கு அது தெரிந்திருந்தது. அதனால் ஓவியத்தை விடு என்று பிள்ளைகளிடம் அவர் சொல்லவில்லை. பட்டினி கிட என்றும் சொல்லவில்லை. கூடவே ஒரு கைத்தொழில், கூட்டாக ஒரு கணக்கு, சொந்தமாக ஒரு கூரை என்று ஏற்பாடு செய்தார். நம் பிள்ளை இந்தப் பக்கம் போக விரும்பினால் நாமும் அதைத்தான் கேட்க வேண்டும்: "கூட என்ன தொழில் கற்கப் போகிறாய்? யாரோடு சேரப் போகிறாய்?" இது தடை சொல்லும் கேள்வி அல்ல, வழி விடும் கேள்வி.

சோழமண்டலம் இன்றும் இருக்கிறது. 2009 முதல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கான காட்சியகமும் உண்டு. விடுமுறையில் சென்னை போகும்போது மாமல்லபுரத்துக்கு வண்டி பிடிக்கிறோமே, அது போகிற வழிதான். ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள். திருவனந்தபுரம் போனால் மியூசியம் வளாகத்தில் பணிக்கருக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. "எழுத்தும் குறியும்" படத்தின் முன் நிற்கும்போது படிக்க முயல வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை தாத்தாவின் சிட்டையைப் பார்க்குமே, அந்தக் கண்ணோடு பாருங்கள். பிள்ளைகளை முன்னால் நிற்க விடுங்கள். அவர்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் பிடிபடும்.