டிப்பரும் நீர் மூஞ்சூறும்



'டிப்பர்' என்றதும் நமக்கு மணல் லாரிதான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது ஒரு பாட்டுப் பறவையைப் பற்றி. "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பறவை எதுக்குடா?" என்று எங்க அப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன் நான். பதில் சொல்லியாக வேண்டுமே!

ஐரோப்பிய ஓடைகளில் வாழும் வெண்தொண்டை டிப்பருக்கும் நீர் மூஞ்சூறுக்கும் ஒரே தொழில்தான். தண்ணீருக்குள் மூழ்கி, கல்லிடுக்கில் இருக்கும் பூச்சிப் புழுக்களைப் பிடித்துத் தின்பது. பறவை சுமார் 60 கிராம், மூஞ்சூறு சுமார் 15 கிராம். பிராப்ளம் ஒன்று, டிசைன் இரண்டு!

முதலில் குளிர். உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையை ஒப்பிடும்போது மேற்பரப்பு கூடும். வெப்பம் சீக்கிரம் போய்விடும். டிப்பர், வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்கிறது. உள்ளே அடர்ந்த மென்தூவி. மூஞ்சூறு ரோமத்துக்குள் காற்றைப் பிடித்து வைக்கிறது. அதனால் தண்ணீருக்குள் வெள்ளி போல மின்னும். குறுகலான வளைக்குள் நுழையும்போது ரோமத்து ஈரம் பிழிந்துபோகும். நல்ல இன்சுலேஷன்தானே!

அடுத்தது மிதப்பு. காற்றடைத்த பந்தைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கினால் மேலே துள்ளுமல்லவா? மூஞ்சூறுக்கும் அதே கதிதான். காலை அடிப்பதை நிறுத்தினால் மேலே வந்துவிடும். பாதத்தின் ஓரத்தில் உள்ள விறைப்பான மயிர் வரிசை அதற்குத் துடுப்பு, வாலடி மயிர் வரிசை சுக்கான். டிப்பருக்கோ வாத்து மாதிரிக் காலில் சவ்வு கிடையாது. இறக்கையால் துழாவி, நகத்தால் கல்லைப் பற்றிக்கொள்கிறது.

மூஞ்சூறின் பல் நுனி சிவப்பு. காரணம் இரும்பு! தேயாமல் இருக்க, டூலுக்கு டிப் வைத்த மாதிரி. ஆனால் எரிபொருள் செலவு அதிகம். தினமும் தன் எடையில் பாதியளவு தின்றாக வேண்டும். 50 கிலோ ஆள் 25 கிலோ சாப்பிட்டால் நம்ம ஹாஸ்டல் மெஸ் தாங்குமா?

இனிதான் நமக்கு வேலை. 20-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் மலை ஓடைகள் பலவற்றில் டிப்பர்கள் குறைந்துபோயின. நிலக்கரிப் புகையிலிருந்த கந்தக டை ஆக்சைடு அமில மழையாக இறங்கி, ஓடை நீர் கெட்டு, புழுக்கள் அழிந்தன. இரை போனது, பறவையும் போனது. புகைபோக்கி இருந்தது எங்கேயோ!

எங்க அம்மா சின்ன வயதில் குளித்த ஆற்றில் இன்று கால் நனைக்க மனசு வராது. நாளை பாய்லர் முன்னாலும், கழிவுநீர் வால்வு முன்னாலும் நிற்கப்போவது நாம்தான் நண்பர்களே! வால்வைத் திறக்கும் முன், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு தடவை கேட்போம். அதைக் கேட்கத்தான் படிக்கிறோம்.