சூட்டைத் தேடுமுன் காற்றைத் தேடுங்கள்

துணி டிரையரின் பொத்தானை அமுக்கினால் டிரம் சுற்றுகிறது. உள்விளக்கு எரிகிறது, மோட்டார் வழக்கமான சத்தத்தோடு ஓடுகிறது. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் துணி போட்டபடியே ஈரமாக, சில்லென்று கிடக்கிறது. டொராண்டோவில் ஜனவரி மாதத்தில் இப்படி நடந்தால் வீடே திண்டாடிப்போகும். வெளியே கொடி கட்டிப் போட்டால் சட்டை பலகைபோல விறைத்து நிற்கும். உள்ளே பரப்பிப் போட்டால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீர்த்துளி கோக்கும்.

மோட்டார் ஓடுவதால் கரண்ட் வருகிறது, ஆகவே ஹீட்டர்தான் போயிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். தமிழ்நாட்டில் அந்த எண்ணம் பெரும்பாலும் சரியாக இருக்கும். வட அமெரிக்காவில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மின்கம்பிகள் வருகின்றன. எந்த ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120 வோல்ட். இரண்டு கம்பிகளுக்கும் இடையே 240 வோல்ட். விளக்கு, மிக்சி, தொலைக்காட்சி எல்லாம் 120 வோல்ட்டில் ஓடும். மின்னடுப்புக்கும் டிரையருக்கும் 240 வோல்ட் வேண்டும். ஆனால் டிரையருக்குள்ளேயே ஒரு பங்கீடு இருக்கிறது. மோட்டாரும் விளக்கும் ஒரே கம்பியிலிருந்து 120 வோல்ட் எடுத்துக்கொள்கின்றன. ஹீட்டருக்கு மட்டும் இரண்டு கம்பிகளும் தேவை.

மோட்டாருக்குப் போகாத அந்த இன்னொரு கம்பியில் மின்சாரம் நின்றுபோனால் என்ன ஆகும்? டிரம் சுற்றும், விளக்கு எரியும், சூடு மட்டும் வராது. டிரையருக்கான 30 ஆம்பியர் பிரேக்கர் இரட்டையாக இருக்கும். அதில் ஒரு பாதி மட்டும் கெட்டுப்போவதும் உண்டு, இயந்திரத்தின் பின்புறம் கம்பி முடுக்கிய இடத்தில் ஒரு திருகு தளர்ந்து கருகிப்போவதும் உண்டு. பிரேக்கரை முழுவதுமாக அணைத்து, மறுபடி அழுத்திப் போட்டுப் பார்ப்பதற்குச் செலவில்லை. அதற்கு மேல் 240 வோல்ட்டைத் தொட்டு அளக்கும் வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது.

மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது காற்றை. இந்த இயந்திரத்தை நாம் சூடாக்கும் பெட்டி என்றே நினைத்திருக்கிறோம். துணி காய்வதற்குச் சூடு எவ்வளவு முக்கியமோ, அதற்குக் குறையாமல் காற்றோட்டமும் முக்கியம். ஆடி மாதக் காற்றில், மேகம் மூடியிருந்தாலும், மொட்டைமாடித் துணி மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் அடுப்பங்கரைச் சூட்டில் தொங்கவிட்டாலும் நசநசவென்றுதான் இருக்கும்.

கணக்காகவும் பார்க்கலாம். சலவை இயந்திரம் நன்றாகப் பிழிந்த பிறகும் ஒரு நடையின் துணியில் மூன்று கிலோ தண்ணீர் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,400 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். மூன்று கிலோவுக்கு 7,200 கிலோஜூல், அதாவது 2 யூனிட் மின்சாரம். டிரையரின் ஹீட்டர் ஏறத்தாழ 5,400 வாட் என்பதால், ஆற்றலுக்குக் குறைவே இல்லை. ஆனால் கிளம்பிய ஆவி அத்தனையும் வீட்டுக்கு வெளியே போயாக வேண்டும். மோட்டார் டிரம்மைச் சுற்றுவதோடு ஒரு காற்றாடியையும் சுற்றுகிறது. அது அறைக்காற்றை ஹீட்டர் வழியாக டிரம்முக்குள் இழுத்து, ஈரத்தோடு பஞ்சு வடிகட்டியைக் கடக்க வைத்து, சுவர் வழியே போகும் குழாயில் வெளியே தள்ளுகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைப்பு விழுந்தாலும் ஈரம் உள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும்.

அடைப்பு விழுந்த டிரையர் உடனே குளிர்ந்துவிடாது. முதலில் ஹீட்டர் பெட்டி அளவு மீறிச் சூடேறும், ஏனென்றால் அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகக் காற்று போதவில்லை. பெட்டியின் மேலுள்ள தெர்மோஸ்டாட் அதை உணர்ந்து ஹீட்டரை நிறுத்தும். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகடு அதற்குள் இருக்கிறது. சூட்டில் வளைந்து மின்தொடர்பை விடுவிக்கும், ஆறியதும் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். இப்படி விட்டுவிட்டு எரியும் ஹீட்டரால் அரை மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் ஆகிறது. “இப்போதெல்லாம் இரண்டு தடவை ஓடவிட வேண்டியிருக்கிறது” என்று வீட்டில் பேச்சு எழுந்தால், நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். பலரும் இந்தக் கட்டத்தைக் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள்.

அடைப்பு மேலும் முற்றினால் கடைசிக் காவலான வெப்ப ஃபியூஸ் அறுந்துபோகும். கட்டைவிரல் அளவே உள்ள இந்தப் பாகம் ஒரே முறைதான் வேலை செய்யும். தெர்மோஸ்டாட்டைப் போல ஆறி மறுபடி இணைவதில்லை. காற்றாடிக் கூட்டின்மேல் பொருத்தப்படும் ஒரு பரவலான வகை சுமார் 90 டிகிரி செல்சியஸில் அறுந்துவிடும். சில மாடல்களில் இந்த ஃபியூஸ் போனால் ஹீட்டர் மட்டும் நிற்கும், டிரம் சுற்றிக்கொண்டிருக்கும். வேறு சிலவற்றில் மோட்டாரே கிளம்பாது. பொத்தானை அமுக்கினால் எந்தச் சத்தமும் வராது. சூடு வராமல் போவதும் ஓடவே மறுப்பதும் வெவ்வேறு கோளாறுகளாகத் தெரிந்தாலும், இரண்டுக்கும் பின்னால் ஒரே பஞ்சு அடைப்பு இருக்கக்கூடும்.

ஃபியூஸைச் சோதிப்பது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபியூஸின் இரு முனைகளிலும் உள்ள கம்பிகளைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். சுழியத்தை ஒட்டிக் காட்டினால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. தொடர்பே இல்லை என்று காட்டினால் போய்விட்டது. புதியது அதிக விலையில்லை. ஆனால் அதை மாற்றியதும் டிரையர் ஓடிவிடுவதால், எல்லாம் சரியாகிவிட்டது என்று மூடிவிடுகிறார்கள். அடைப்பு அப்படியே இருப்பதால் சில வாரங்களில் புதிய ஃபியூஸும் போகும். அப்போது சிலர் செய்யும் காரியத்தை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது: ஃபியூஸைத் தவிர்த்து, இரு கம்பிகளையும் நேராக முறுக்கி இணைத்துவிடுகிறார்கள். டிரையர் அருமையாக ஓடும். தீக்கும் வீட்டுக்கும் நடுவே நின்ற கடைசிக் காவலை அவர்கள் எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவுகளைக் கொண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் துணி டிரையர்களில் தொடங்கின. ஆண்டுக்கு 5 பேர் இறந்தார்கள், 100 பேர் காயமடைந்தார்கள். இவற்றில் 34 சதவீத விபத்துகளுக்குச் சுத்தம் செய்யாமல் விட்டதே முதன்மைக் காரணம். பருத்திப் பஞ்சு எவ்வளவு எளிதில் பற்றும் என்று விளக்கேற்றத் திரி திரித்தவர்களுக்குத் தெரியும். டிரையரில் சேர்வது அதைவிட நுண்ணியது, உலர்ந்தது, சூடான காற்றோட்டத்தில் கிடப்பது. லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 2016 ஆகஸ்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பரவிய தீ, ஒரு டிரையரிலிருந்துதான் கிளம்பியது. ஹீட்டரில் பஞ்சு பட்டுத் தீப்பிடிக்கக்கூடிய வடிவமைப்புக் குறை இருப்பதாக அதற்கு முந்தைய ஆண்டே அறிவிக்கப்பட்டிருந்த வகை அது. திருத்தப்படாமல் எஞ்சிய இயந்திரங்களை முழுமையாகத் திரும்பப் பெறும் நடவடிக்கை 2019இல்தான் வந்தது. அந்த நான்கு ஆண்டுத் தாமதத்தை ஏற்கவே முடியவில்லை.

குழாயைச் சோதிக்க வீட்டுக்கு வெளியே போங்கள். டிரையர் ஓடும்போது வெளிச்சுவரில் உள்ள மூடி நன்றாகத் திறந்து, கையை நீட்டினால் வெதுவெதுப்பான காற்று பலமாகப் பட வேண்டும். பனிக்காலத்தில் வெளியேறும் ஈரம் மூடியிலேயே உறைந்து அதை இறுக்கிவிடும். வசந்தத்தில் குருவிகள் அங்கே கூடு கட்டும். குருவி வராதிருக்க வலை அடிப்பவர்கள் உண்டு. அந்த வலையிலேயே பஞ்சு சிக்கி முழு அடைப்பாகிவிடும் என்பதால் கட்டட விதிகள் அதை அனுமதிப்பதில்லை. குழாய் 4 அங்குல விட்டமுள்ள வழுவழுப்பான உலோகமாக இருக்க வேண்டும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி பொதுவாக 35 அடி நீளம்வரை அனுமதிக்கிறது. செங்குத்தான ஒவ்வொரு திருப்பத்துக்கும் அதில் 5 அடியைக் கழித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் குழாயும் அலுமினியத் தாளால் ஆன மடிப்புக் குழாயும் மலிவானவை. அவற்றின் மடிப்புகளில் பஞ்சு படியும், டிரையரைச் சுவரோடு தள்ளினால் நசுங்கியும் போகும். எங்கே இருந்தாலும் அவற்றை மாற்றிவிடுவது நல்லது.

காற்றுப் பாதை சுத்தமாக இருந்தும் சூடு வரவில்லை என்றால் ஹீட்டர் காயிலைப் பார்க்கலாம். 240 வோல்ட்டில் 5,400 வாட் தரும் காயிலின் மின்தடை 10 ஓமைச் சற்றுத் தாண்டி இருக்கும். தொடர்பே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. காயில் தொய்ந்து வெளிக்கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொட்டால் தெர்மோஸ்டாட்டின் கட்டுப்பாட்டை மீறி எரிந்து துணியைப் பொசுக்கும். எரிவாயு டிரையரில் மின்காயில் இல்லை. அங்கே பற்றவைக்கும் தண்டு முதலில் செக்கச்சிவக்க வேண்டும், பிறகு வாயு வால்வு திறந்து தீ வர வேண்டும். தண்டு சிவந்தும் தீ வராமல் அணைந்தாலோ, முதல் நடை காய்ந்து அடுத்த நடை ஈரமாகவே வந்தாலோ, வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருள்கள் பலவீனமாகியிருக்கலாம். வாயு சம்பந்தப்பட்டதால் அதில் கைவைக்க வேண்டாம். அந்த டிரையரின் குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும் அபாயமும் உண்டு.

ஓடவே மறுக்கும் டிரையரில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கதவை மூடும்போது ‘கிளிக்’ என்ற சத்தம் வரவில்லை என்றால் கதவு சுவிட்ச். பொத்தானை அமுக்கியதும் மோட்டார் உறுமி, சுற்றாமல் நின்றால் காற்றாடியில் ஏதாவது சிக்கியிருக்கலாம். குழந்தைகளின் காலுறை அங்கே போய்ச் சேர்வதுண்டு. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு டிரம்மைக் கையால் சுழற்றிப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாக லேசாகச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கிறது. சில மாடல்களில் பெல்ட் அறுந்தால் மோட்டாரே ஓடாதபடி தனி சுவிட்ச் வைத்திருப்பார்கள். ஓடத் தொடங்கிப் பாதியிலேயே நின்று, துணி ஈரமாக இருந்தால், டிரம்முக்குள் வடிகட்டியின் அருகே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈரத் துணி அவற்றைத் தொடும்போது ஓடும் மெல்லிய மின்னோட்டத்தை வைத்துத்தான் இயந்திரம் ஈரத்தை அறிகிறது. துணியை மிருதுவாக்கப் போடும் வாசனைத் தாள்களின் மெழுகு பட்டைகள்மேல் படிந்துவிட்டால், துணி காய்ந்துவிட்டதாக அது கணக்கிடும். ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

அந்த மெழுகு வடிகட்டியின் வலையிலும் கண்ணுக்குத் தெரியாமல் படியும். பஞ்சை எடுத்த வலையின்மேல் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் வழிந்து இறங்காமல் மேலேயே தேங்கி நின்றால், சோப்பும் வெந்நீரும் விட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்திய பிறகு மாட்டுங்கள்.